மயிலின் காலடியில் ஒரு பாம்பு

மாணவியர் விடுதி, ஓசூர்
12.6.2024

மாமாவுக்கு தேவிப்பிரியா வணக்கம்.

நான் நல்லா இருக்கேன். இங்க தண்ணி மட்டும் ரொம்ப ஜில்லுனு இருக்கு, மத்தபடி சளி, ஜுரம் ஒண்ணும் இல்ல. நீங்க எப்படி இருக்கீங்க? அத்தைக்கு முழங்கால் வலி குறைஞ்சுதா?

விடுதியில போன் வெச்சுக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை வார்டன் மேடம் போன்ல அஞ்சு நிமிஷம் பேசலாம். அது திருப்பூர்ல இருக்கிற அம்மாவுக்கே பத்தல. என்னைச் சேர்த்தப்ப கார்டியன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதான், அதனால எது வேணும்னாலும் உங்களுக்குத்தான் எழுதணுமாம்.

ஒண்ணு கேக்கணும் மாமா. இங்க ஒன்பதாம் வகுப்புக்கு ஓவிய வகுப்பு உண்டு. செவ்வாய், வெள்ளி, கடைசி ரெண்டு பீரியட். இருபத்தஞ்சாம் தேதி முதல் வகுப்பு. நம்ம ஊர் ஸ்கூல்ல டிராயிங் பீரியட்னா கணக்கு டீச்சர் வந்து கணக்குதான் போடுவாங்க. எனக்குத் தெரிஞ்சது ரெண்டு மலை, நடுவுல சூரியன், கீழ ஆறு, ஓரத்துல ஒரு தென்னைமரம். ஒண்ணாவதுல இருந்து அதையேதான் போட்டுகினு இருக்கேன். பக்கத்துக் கட்டில் உதயாவும் அதையேதான் போடுறா.

நீங்க காவடிக் கடை போர்டுல அவ்ளோ பெரிய மயில் வரைஞ்சவர். முதல் வகுப்புல என்ன செய்யச் சொல்வாங்க? என்னென்ன எடுத்துக்கினு போகணும்? கோடு கோணலாப் போனா அடிப்பாங்களா? சீக்கிரம் எழுதுங்க.

உங்கள்
தேவிப்பிரியா


முருகன் துணை
திருத்தணி
17.6.2024

கண்ணு தேவிக்கு உன் மாமன் ஆசீர்வாதம்.

தணிகாசலன் தயவுல நானும் அத்தையும் சௌக்கியம். அத்தை முழங்கால் வலி நான் கொடுத்த எண்ணெயில பறந்தே போச்சு. நேத்து முந்நூத்து அறுபத்தஞ்சு படியும் மூச்சு வாங்காம ஏறி இறங்கினா. (பக்கத்துல நின்னு இல்லன்றா. நம்பாத.)

உன் கடிதத்த தபால்காரர் கிருஷ்ணன் கொடுத்தப்ப கடையில நாப்பது பேர். அத்தனை பேருக்கும் படிச்சுக் காட்டினேன். ஓவியம்னா யாரக் கேக்கணும்னு என் தங்கச்சி நிர்மலா பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்குதேன்னு ஒரே பேச்சு.

கேட்டுக்கோ. முதல் நாள் வாத்தியார் எல்லாரையும் நிக்க வெச்சு விரலப் பார்ப்பார். நீட்டு விரல் முன் பெஞ்சு, குட்டை விரல் பின் பெஞ்சு. எங்க வாத்தியார் என் விரலப் பார்த்துட்டு நாற்காலிய விட்டு எழுந்துட்டார். அடுத்தது வட்டம். காம்பஸ் இல்லாம போடச் சொல்வாங்க. அதுக்கு ஒரு தந்திரம் இருக்குது. வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பினதும் வளையலக் கழட்டி வெச்சு சுத்தி இழுத்துடு. மூணாவது வாரம் வாழைப்பழம், அஞ்சாவது வாரம் ஆப்பிள், பத்தாவது வாரம் கிளி. மயில்தான் கடைசிப் பரீட்சை. அதுல தேறினவனுக்குத்தான் சர்ட்டிபிகேட்.

பென்சில் மூணு, ஸ்கேல், கிரேயான் பெட்டி எடுத்துக்கினு போ. எல்லாத்துக்கும் மேல நல்ல ரப்பர் வேணும். ரெண்டு இந்தக் கவர்லயே வெச்சிருக்கேன். பழ வாசனை வரும், தின்னுடாத.

நான் மயில் போட்ட கதைய உனக்கு முழுசா சொன்னதில்ல. அப்ப எனக்கு உன் வயசு. நைனா கடைக்குப் புது போர்டு வெச்சார். ஒரே நாள், ஒரே பிரஷ். முடிக்கிற நேரத்துக்கு மலையில இருந்து நிஜ மயில் ஒண்ணு இறங்கி வந்து போர்டு முன்னாடி நின்னு தோகைய விரிச்சுது, சண்டைக்கு. பார்த்தவங்க மூணு பேர். ரெண்டு பேர் இப்ப உயிரோட இல்ல. மயில் காலடியில சின்னதா ஒரு பாம்பு சுருண்டுகினு இருக்குமே, அதுக்கு மட்டும் முழுசா ஒரு மத்தியானம் ஆச்சு. மொத்த வித்தையும் அதுலதான் இருக்குது. வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு முன்னாடி நானே ஏணி போட்டு ஏறி எல்லாத்துக்கும் புதுப் பெயிண்ட் அடிக்கிறேன், அந்தப் பாம்புல ஒரு நூல் மாத்தினதில்ல. வெள்ளிக்கிழமைல அத்தை அதுக்கு மஞ்சள் குங்குமம் வெக்கிறா.

உங்க வாத்தியாருக்கு ஏதாவது சந்தேகம் வந்தா தயங்காம என் பேரச் சொல்லு.

வேளைக்குச் சாப்பிடு. சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக்கோ.

உன் மாமன்
ஓவியர் கோதண்டபாணி
ஸ்ரீ தணிகை காவடி நிலையம், மலையடிவாரம்


ஓசூர்
28.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் உதயாவும் சுகம். நீங்களும் அத்தையும் சுகம்னு தெரிஞ்சு சந்தோஷம்.

ரப்பர் ரெண்டும் வந்துச்சு. ஆனா முதல் வகுப்புலயே சார் ஒரு பிஸ்கட் டின்ன நீட்டி எல்லார் ரப்பரையும் போடச் சொல்லிட்டார். மூணு மாசம் கழிச்சுத்தான் திருப்பித் தருவாராம். தப்புக் கோடு வந்தா அழிக்காம பக்கத்துலயே சரியான கோட்ட போடணும். ஸ்கேலும் வேணாம், கலரும் வேணாம்னுட்டார். விரலையும் பார்க்கல.

முதல் நாள் முழுக்கக் கோடுதான். மெல்லிசா ஆரம்பிச்சு அழுத்தி, மறுபடி மெல்லிசா விட்டு, ஒரு பக்கம் நிறைய. அப்புறம் அஞ்சு கட்டம் போட்டு வெள்ளையில இருந்து கருப்பு வரைக்கும் ஒரே பென்சில்ல கொண்டு போகணும். எனக்கு மூணாவதும் நாலாவதும் ஒரே மாதிரி வந்துடுச்சு. இன்னிக்குத்தான் ரொம்பக் கஷ்டம். இடது கைய மேசை மேல வெச்சு, கையையே பார்த்துகினு வரையணும். தாளப் பார்க்கக் கூடாது, பென்சிலத் தூக்கவும் கூடாது. என்னுது இஞ்சி மாதிரி வந்துச்சு. உதயாவுக்குக் கட்டை விரல் தாள விட்டு வெளியவே போயிடுச்சு. சாரும் கூடச் சேர்ந்து சிரிச்சார்.

பார்த்து முடிச்ச தாளுக்கு சார் டிக் போடறதில்ல. ஓரத்துல ஒரு சின்னச் சுழி, முனையில ஒரு புள்ளி, அவ்ளோதான். அதுக்கே நாங்க அடிச்சுக்கறோம்.

முக்கியமான விஷயம். சார் பேரு நாகேந்திரன். பொதட்டூர்பேட்டை, வீட்டுல தறியாம். ஆனா படிச்சது திருத்தணியிலயாம். நான் எந்திரிச்சு, எங்க மாமா கோதண்டபாணி, மலையடிவாரத்துல காவடிக் கடை, போர்டுல மயில் வரைஞ்சவர்னு சொன்னேன். சார் கையில இருந்த பென்சில மேசையில வெச்சார். அப்புறம் "பாணியா?"ன்னார். "அந்த மயில் இன்னும் இருக்குதா?"ன்னு கேட்டார். பளபளன்னு இருக்கு சார், மாமா வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிறார்னு சொன்னேன். எனக்குப் பெருமையா இருந்துச்சு மாமா.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள்
தேவிப்பிரியா


முருகன் துணை
திருத்தணி
2.8.2024

தேவிக்கு ஆசீர்வாதம். உடம்பப் பார்த்துக்கோ. எனக்கு ஒரு குறையும் இல்ல.

ஒரு மாசமா பதில் இல்லன்னு நினைச்சிருப்ப. ஆடிக் கிருத்திகை. நகரி, புத்தூர்ல இருந்தெல்லாம் ஜனம். நம்ம கடையில மட்டும் நாலாயிரம் புஷ்பக் காவடி வாடகைக்குப் போச்சு. ஒரு வாய்ல தெலுங்கு, ஒரு வாய்ல தமிழ்னு நானே பேசி அனுப்பினேன். அதான் பேனா எடுக்க முடியல.

நாகேந்திரனா? அப்படி ஒருத்தன் இருந்த மாதிரிதான் ஞாபகம். ஒல்லியா, சட்டைக் காலர்ல தறி நூல் ஒட்டிகினு வருவான். வலது காதுக்குக் கீழ மச்சம். ரயில்வே கேட்டாண்ட பரோட்டா வாங்கினா பெரிய பாதிய என்கிட்ட கொடுத்துட்டு சின்னத அவன் துன்னுவான். மழை வந்தா நோட்ட சட்டைக்குள்ள வெச்சுகினு ஓடுவான். அவ்ளோதான், வேற ஒண்ணும் ஞாபகம் இல்ல. பென்சில எப்படிப் பிடிக்கணும்னு நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

ரப்பரப் பிடுங்கி வெச்சுகினானா? நல்லா இருக்குது. தப்ப அப்படியே வெச்சா எவன் அத ஓவியம்னு சொல்வான்? தாளப் பார்க்காம வரையறதாம். அப்ப கண்ண ஆண்டவன் எதுக்குக் கொடுத்தான், மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன் பொழைக்கவா? இதோட இன்னொரு ரப்பர் வெச்சிருக்கேன். ரிப்பன் மடிப்புல வெச்சுக்கோ.

உன் கடிதத்த அத்தைக்குப் படிச்சுக் காட்டினேன். உங்க சார் ரொம்பப் பொறுமைசாலியா இருக்குறாரேன்னா. அன்னிக்கு ரசத்துல உப்பே இல்ல.

அவன் என்னப் பத்தி வேற ஏதாவது சொன்னானா? எனக்கு ஒண்ணும் இல்ல, சும்மா கேக்கறேன். மயிலப் பத்தி? இன்னும் இருக்குதான்னு கேட்டதோட சரியா? எந்தக் குரல்ல கேட்டான்? விசாரிச்சு எழுது. நான் கேட்டதா சொல்லாத.

உன் மாமன்
ஓவியர் கோதண்டபாணி


ஓசூர்
13.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா இருக்கேன். கிருத்திகை வேலையில உங்களுக்கு உடம்பு வலி இருக்கும், ரெஸ்ட் எடுங்க.

நீங்க அனுப்பின ரப்பர சார்கிட்டயே கொடுத்துட்டேன். மாமா அனுப்பினதுன்னு சொன்னேன். டின்ன மூடிட்டு சிரிச்சார்.

நீங்க கேட்டதா சொல்லாமத்தான் கேட்டேன். "உங்க மாமா மாதிரி பச்சை கலக்க எங்க செட்டுல ஆளே இல்ல"ன்னார். வேற ஒண்ணும் சொல்லல. பென்சில் பிடிக்க எங்க மாமாதான் சொல்லிக் கொடுத்தாராமே சார்னு கேட்டேன். "ஆங், இருக்கும்"னுட்டு ஜன்னல் பக்கம் போயிட்டார்.

இப்ப ஸ்டீல் டம்ளர் வரையறோம். டம்ளர் வாய் வட்டம்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா உக்காந்த இடத்துல இருந்து பார்த்தா அது முட்டை மாதிரிதான் இருக்குது. மனசுல இருக்கறத வரையாத, கண்ணு முன்னால இருக்கறத வரைன்னு சார் சொல்றார். அதுல இருந்து எனக்கு சோத்துத் தட்டு, வார்டன் மேடம் கண்ணாடி எல்லாம் முட்டையாத் தெரியுது. அப்புறம் இன்னொண்ணு தோணுச்சு. ரெண்டு மலை நடுவுல சூரியன் வர்ற இடத்த நான் எங்கயுமே பார்த்ததில்ல. பார்க்காததையே எட்டு வருஷமா போட்டிருக்கேன்.

என் டம்ளருக்கு சார் மூணு சுழி போட்டார். யாருக்கும் மூணு போட்டதில்ல. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சீங்களே, சாரப் பத்தி ஏன் மாமா ஒரு நாளும் சொன்னதில்ல?

உங்கள்
தேவிப்பிரியா


முருகன் துணை
திருத்தணி
26.8.2024

தேவிக்கு ஆசீர்வாதம். நாங்க சுகம்.

டம்ளர் வட்டம்தான். நாப்பத்தோரு வருஷமா குடிக்கிறேன், ஒரு நாளும் முட்டையில குடிச்சதில்ல.

பச்சை கலந்தேன்னு சொன்னானா? பச்சை மட்டும்தானா? அப்ப மிச்சத்த யார் பண்ணதா சொன்னான்? சொல்லலையா? சொல்ல மாட்டான். அன்னிக்கும் வாயில கொழுக்கட்டை, இன்னிக்கும் கொழுக்கட்டை.

நான் மனசு வெச்சிருந்தா இன்னிக்கு அந்த நாற்காலியில நான் உக்காந்திருப்பேன். சென்னை ஓவியக் கல்லூரியில இருந்து கார் அனுப்பி வா வான்னாங்க. நைனாதான் கடைய யார் பார்க்கறதுன்னு அழுதார். போன வாரம்கூட ஒரு வெள்ளைக்காரர் வந்து மயிலப் பார்த்து கண்ணு கலங்கிட்டார். எந்த நாடுன்னு கேக்கறதுக்குள்ள பஸ் ஏறிட்டார்.

மூணு சுழிய வெச்சுகினு என்ன பண்ணப் போற? மார்க்கு போடத் தெரியாதவன்தான் சுழி போடுவான். இருபத்துநாலு கலர் பெட்டி ஒண்ணு தனியா பார்சல்ல அனுப்பறேன். அத அவன்கிட்ட கொடுத்துடாத. காலாண்டு லீவுக்கு வா, ஓவியம்னா என்னன்னு நான் காட்டறேன்.

சாரப் பத்தி ஏன் சொல்லலன்னா, சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல.

ஓவியர் கோதண்டபாணி


ஓசூர்
14.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நல்லபடியா வந்து சேர்ந்தேன். அத்தை கொடுத்த முறுக்க நானும் உதயாவும் அன்னிக்கே முடிச்சுட்டோம். வயிறு ஒண்ணும் பண்ணல.

லீவுல கடைக்கு எதிர்ல படியில உக்காந்து ரெண்டு நாள் வரைஞ்சேன் இல்ல? நான் ஒத்தக் கண்ண மூடி பென்சில நீட்டி அளந்தப்ப நீங்க எழுந்து உள்ள போயிட்டீங்க. வெயில்ல தலைவலின்னு அத்தை சொன்னாங்க. இப்ப சரியாப் போச்சா?

அந்தப் படத்துல எல்லாம் இருக்கு. கடை, காவடி வளைவு, அத்தை பூ தொடுக்கறது, நீங்க மயில் பீலி கட்டறது, மேல போர்டு. போர்ட மட்டும் ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். தோகையில ஒவ்வொரு கண்ணு, கால் நகம், பாம்பு, எதையும் விடாம இருந்தது இருந்தபடி போட்டேன்.

சார் அத ஜன்னல்கிட்ட எடுத்துக்கினு போய் ரொம்ப நேரம் பார்த்தார். திருப்பிக் கொடுத்தப்ப ஓரத்துல சுழி இல்ல. ஏன் சார் போடலன்னு கேட்டேன்.

"அதான் ஏற்கெனவே இருக்கே"ன்னார்.

அப்புறம் நானும் அந்தப் படத்த இன்னொரு தடவ பார்த்தேன்.

மாமா, இந்தப் படத்துக்காக என்னைத் தேர்ந்தெடுத்திருக்காங்க. டிசம்பர் 24ல இருந்து பத்து நாள் சென்னையில ஓவிய முகாம். எங்க ஸ்கூல்ல இருந்து ஒருத்தருக்குத்தான் இடம். கார்டியன் கையெழுத்து கட்டாயம் வேணும், நவம்பர் 20க்குள்ள இங்க வந்தாகணும். படிவம் இதோட இருக்கு. நீங்க பார்க்கணும்னு படத்தோட ஜெராக்ஸும் வெச்சிருக்கேன். டிசம்பர் 31 படித்திருவிழாவுக்கு உங்க கூட இருக்க முடியாது, அது ஒண்ணுதான் கஷ்டமா இருக்கு. ஆனா நான் போகணும். இது வரைக்கும் எதுக்கும் இவ்ளோ ஆசைப்பட்டதில்ல.

உங்கள்
தேவிப்பிரியா


ஓசூர்
4.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

தீபாவளி நல்லா நடந்துதா? எங்களுக்கு ஆளுக்கு ரெண்டு அதிரசம் கொடுத்தாங்க. உங்களுக்கு உடம்பு சரியில்லையோன்னு பயமா இருக்கு. மூணு வாரமா கடிதமே இல்ல.

படிவம் வந்துதா? அனுப்பிட்டீங்களா? ஆபீஸ்ல தினமும் கேக்கறேன்.

தேவிப்பிரியா


முருகன் துணை
திருத்தணி
8.11.2024

தேவிக்கு ஆசீர்வாதம். எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல, கல்லு மாதிரி இருக்கேன். செவ்வாய்க்கிழமை நாகுல சவிதி நோன்பு. அத்தை வழக்கம் போல போர்டு பாம்புக்குப் பால் தெளிச்சு குங்குமம் வெச்சா.

படிவம் எதுவும் இது வரைக்கும் வரல. இங்க மழைன்னா மழை. நந்தியாத்துல தபால் பை ஒண்ணு மிதந்து போனதா ஜனங்க பேசிக்கறாங்க.

வந்தாலும் யோசிக்கணும். சென்னையில கொசு ஒவ்வொண்ணும் குருவி சைஸு. பத்து நாள் பொண்ண அனுப்பினா நிர்மலாவுக்கு யார் பதில் சொல்றது? படித்திருவிழாவுக்கு வருஷா வருஷம் முதல் படிக்கு மஞ்சள் பூசறது நீதான். அத விட்டுட்டு எவனோ சொன்னான்னு போவியா? அவனும் கூட வர்றானா?

இப்பல்லாம் நீ வாயத் திறந்தா சார்தான். லீவுல ஒம்பது நாள் இருந்த. எண்ணிகினே வந்தேன். சார்னு நூத்துப் பன்னெண்டு தடவ. மாமான்னு இருபது தடவ, அதுலயும் பாதி சாப்பிட வாங்க மாமான்னு.

இன்னொண்ணு சொல்லணும். அத்தைய அவ்ளோ லட்சணமாப் போட்டுட்டு எனக்கு மட்டும் அந்த வயிறு எதுக்கு? காத்துல சட்டை உப்பின நேரம் அது. நெத்திய வேற உச்சி வரைக்கும் ஏத்தி வெச்சிருக்க. பார்க்கறவங்க என்னக் கிழவன்னு நினைக்க மாட்டாங்களா?

மாமன்
கோதண்டபாணி


ஓசூர்
12.11.2024

மாமாவுக்கு,

நான் நல்லா இருக்கேன்.

படமும் படிவமும் ஒரே கவர்லதான் வெச்சேன்.

நீங்க கையெழுத்துப் போடலன்னாலும் கோச்சுக்க மாட்டேன்னு எழுதலாம்னு பார்த்தேன். அது பொய். கோச்சுப்பேன். சார்கிட்ட இது பத்தி ஒண்ணும் சொல்லல. மழைன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மயில் கழுத்து முடிஞ்சு தோகை ஆரம்பிக்கிற இடத்துல ஒரு பச்சை இருக்கு. நீங்க கொடுத்த இருபத்துநாலு கலர்லயும் தேடிட்டேன், கலந்தும் பார்த்துட்டேன், வரவே இல்ல. சாரக் கேட்டதுக்கு, அது எனக்கும் தெரியாது, பாணிக்குத்தான் தெரியும்னார். அதுல என்ன கலந்தீங்க?

எங்க ரெண்டாவது வகுப்புல செஞ்சத நீங்களும் ஒரு தடவ செஞ்சு பாருங்க மாமா. இடது கை. தாளப் பார்க்காம. ரப்பர் இல்லாம.

அத்தைக்கு முழங்கால் எப்படி இருக்கு?

தேவி


முருகன் துணை
திருத்தணி
15.11.2024

தேவிக்கு,

அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்குது. நான் கொடுத்த எண்ணெயில ஒண்ணும் ஆகல. நான் நல்லாத்தான் இருக்கேன்.

படிவம் அக்டோபர் பதினெட்டாம் தேதியே வந்துடுச்சு. கல்லாவுக்கு மேல இருக்கற முருகன் படத்துக்குப் பின்னாடி சொருகி வெச்சேன். தினம் ஊதுவத்தி காட்டும்போது கவர் ஓரம் தெரியும். பார்க்காத மாதிரி கும்பிட்டுட்டு வந்துடுவேன்.

உன் கடிதம் நேத்து வந்துது. அதுக்கு மேல சும்மா இருக்க முடியல. உங்க சார் சுழியப் பத்தி நீ ஜூன்ல எழுதினத எடுத்துகினு ஏணி போட்டு ஏறினேன். சின்னச் சுழி, முனையில ஒரு புள்ளி. மயில் காலடியில இருக்கறது பாம்பு இல்ல தேவி. அவன் போட்ட கையெழுத்து. நான் சாப்பிடப் போன நேரத்துல கடைசியா அத வெச்சிருக்கான். மயில்னா காலடியில பாம்பு இருக்கணும், அதான் போட்டிருக்கான்னு நான் விட்டுட்டேன். இருபத்தேழு ஆடிக்கும் நானே புது பெயிண்ட் வாங்கி, ஒரு நூல் மாறாம, அவன் கையெழுத்த என் கையால எழுதிகினு இருந்திருக்கேன். அத்தை வேற அதுக்குக் குங்குமம் வெச்சிருக்கா, பால் தெளிச்சிருக்கா. ஏணி மேலயே உக்காந்துட்டேன். கீழ இருந்து என்னய்யா ஆச்சுன்னு கேட்டா. பாம்பு கடிச்சுடுச்சுன்னேன்.

நீ கேக்கல. ஆனா சொல்லிடறேன். அவன் கரித்துண்டால மொத்தக் கோடும் போட்டான், நான் கலர் கொடுத்தேன். மூணு நாள் ஆச்சு. மலையில இருந்து எந்த மயிலும் இறங்கி வரல. போர்ட ஏத்தினப்ப கூட்டத்துல யாரோ கேட்டாங்க. நைனா, எம் பையன் போட்டதுன்னார். அவன் பெயிண்ட் டப்பாவோட என் பக்கத்துல நிக்கிறான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவனும் சொல்லல. டப்பாவக் கீழ வெச்சுட்டு பொதட்டூர்பேட்டை பஸ் ஏறிட்டான். அந்த வருஷம் நான் ஒம்பதாவது ஃபெயிலு, அவன் பத்தாவது போயிட்டான். என் சட்டையப் பிடிச்சு ரெண்டு அறை விட்டிருந்தான்னா எனக்கு சுலபமா போயிருக்கும். அதுக்கப்புறம் கேட்டவங்களுக்கெல்லாம் நானே சொல்ல ஆரம்பிச்சேன். சொல்லச் சொல்ல எனக்கே என் கை போட்ட மாதிரி ஆயிடுச்சு.

பச்சை என்னுதுதான். அதுல பொய் இல்ல, எழுதிக்கோ. கடையில விக்கிற பச்சைய வாங்காத. மஞ்சள் ரெண்டு பங்கு, நீலம் ஒரு பங்கு, கடைசியா ஈர்க்குச்சி முனையில தொட்டு ஒரே ஒரு சொட்டு கருப்பு. கருப்புன்னா எல்லாரும் பயந்து விட்டுடறாங்க. அதனாலதான் யாருக்கும் வராது. வேணும்னா அவனுக்கும் சொல்லு.

படிவத்துல கையெழுத்துப் போட்டு இதோட வெச்சிருக்கேன். ஸ்பீட் போஸ்ட், ரசீது என்கிட்ட இருக்குது. நிர்மலாவுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன். முதல் படிக்கு அத்தை மஞ்சள் பூசட்டும், நீ போயிட்டு வா.

அவன் மேல எனக்கு இன்னும் எரியுதுதான். நீ சார்னு எழுதற ஒவ்வொரு இடத்துலயும் எரியுது. டம்ளரையும் எதிர்ல வெச்சுப் பார்த்தேன். முட்டைதான். அதுக்கும் எரிஞ்சுது.

கவர்ல இன்னொரு தாள் இருக்கும். மத்தியானம் கடைக் கதவப் பாதி இறக்கிட்டுப் போட்டேன். என் இடது கை. தாளப் பார்க்கல, சத்தியமா. ஆறு விரல் வந்திருக்குது. அழிக்கல. உன் சார்கிட்ட காட்டு, பாணி போட்டதுன்னு சொல்லு. ஆனா அவன் அதுல சுழி போட வேணாம். என் போர்டுல போட்டதே போதும். தேறியிருந்தா நீ போடு.

மாமா
கோதண்டபாணி
காவடிக் கடை, மலையடிவாரம்